மலைநாட்டில் தீயணைப்போர்

மூணாற்றிலிருந்து அடிமாலியை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலையில் பள்ளிவாசல் என்னும் ஊர் இருக்கின்றது. மேலே தேயிலைத் தோட்டங்கள். கீழே முதிரப்புழை ஆறு பாயும் பள்ளத்தாக்கு. கேரளத்தின் முதல் நீர்மின் திட்டம் இவ்வூரின் பெயரைத் தாங்கியே 1940-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. ஆற்றை வசப்படுத்தி விளக்கேற்றிய ஊர் என்று இதனை நாம் போற்றுகின்றோம். அது தகும். ஆயினும் மனிதன் வசப்படுத்திய கதை மட்டும் ஒரு நாட்டின் வரலாறு ஆகிவிடாது. அவனுக்கு வசப்படாமல் சீறி எழுந்த நெருப்பும் நீரும் மண்ணும் இம்மலைநாட்டில் பலமுறை ஊரை அழித்திருக்கின்றன. அவ்வேளைகளில் முன்வந்து நின்றவர்கள் யாவர்? அவர்கள் எவ்வாறு பணிபுரிந்தனர்? அவர்கள் உயிருக்கு யார் காவல்? இவ்வினாக்களையே இன்று நாம் எடுத்துக்கொள்வோம்.

தீயணைப்போர் என்றவுடன் செந்நிற வண்டியும் மணியோசையும் தலைக்கவசமும் நம் நினைவிற்கு வரும். அவர்கள் அரசாங்கத்தின் சம்பளம் பெறும் வீரர்கள். ஆனால் மலைநாட்டில் தீயணைப்போர் என்னும் சொல்லுக்குப் பொருள் இன்னும் விரிவானது. கோடைதோறும் காட்டைக் காக்கும் தீக்காவலரும், பக்கத்து வீட்டுக் கூக்குரல் கேட்டு ஓடிவரும் தோட்டத் தொழிலாளியும் அச்சொல்லுக்குள் அடங்குவர். வண்டி வந்து சேரும்வரை ஊரைக் காப்பவர்கள் இவர்களே.

முதலில் இம்மலைகளில் மக்கள் குடியேறிய வரலாற்றைச் சற்றே நோக்குவோம். கண்ணன் தேவன் மலைகளில் ஏறக்குறைய 1880-ஆம் ஆண்டளவில் தோட்டப் பயிர் தொடங்கியது. 1897-இல் அதற்கென்றே ஒரு பெருங் கம்பெனி அமைந்தது. காடு திருத்தவும் கொழுந்து பறிக்கவும் திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து தமிழ் மக்கள் கங்காணிமார் பின்னே மலையேறி வந்தனர். அவர்கள் குடியிருக்க லயங்கள் கட்டப்பட்டன. ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு, வரிசையாக நிற்கும் சிற்றறைகளே லயம் என்பது. குளிர் மிகுந்த நாடாதலால் அடுப்பு நெடுநேரம் எரியும். அடுப்பின் அருகிலேயே விறகு அடுக்கப்பட்டிருக்கும். ஓர் அறையில் பற்றிய தீ, கூரை வழியே தாவி, வரிசை முழுவதையும் உண்டுவிடக் கூடும். தேயிலை ஆலையிலோ, கொழுந்தை உலர்த்தும் அனல் அடுப்பும் உலர்ந்த தேயிலைத் தூசியும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இவ்வாறு, வாழும் இடத்திலும் உழைக்கும் இடத்திலும் நெருப்பின் அச்சம் தோட்ட மக்களுக்கு நாள்தோறும் உள்ளதாயிற்று.

அந்நாளில் தீயணைப்பு நிலையம் என்பது இம்மலைகளில் கேள்விப்படாத பொருள். குடமும் வாளியுமே கருவிகள். அண்டை அயலாரே படை. ஒருவன் வீடு எரிந்தால் பத்துப் பேர் கூரைமேல் ஏறுவார்கள். தீ பரவாதபடி அடுத்த கூரையைப் பிரித்தெறிவார்கள். பெண்கள் ஓடையிலிருந்து வரிசையாய் நின்று நீர் கடத்துவார்கள். இது ஏட்டில் எழுதப்பட்ட முறையன்று. ஒன்றாய் வாழும் மக்கள் ஆபத்தினால் கற்றுக்கொண்ட முறை.

1924-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பெய்த பெருமழை இம்மக்களை வேறொரு விதத்தில் சோதித்தது. கொல்லம் ஆண்டு 1099-இல் நேர்ந்தமையால், அதனைத் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று இன்றும் கேரள மக்கள் கூறுவர். மலைகள் சரிந்தன; மூணாறு நகரம் பாழாயிற்று. 1902-இல் தொடங்கி, பின்னர்ச் சிறு இருப்புப் பாதையாக மாற்றி அமைக்கப்பட்ட குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில்வே அவ்வெள்ளத்தோடு அழிந்தது. மீண்டும் அது போடப்படவேயில்லை. வெளியிலிருந்து உதவி வரும் பாதையே இல்லாத நிலையில், மலையிலிருந்தவர்களை மலையிலிருந்தவர்களே காக்க வேண்டியதாயிற்று. மலைநாட்டு மக்கள் அன்று கற்ற இப்பாடம் நூறாண்டு கழிந்த பின்னும் பொய்க்கவில்லை என்பதை மேலே காண்போம்.

அண்டை அயலார் சேர்ந்து தீயணைப்பது என்பது நம் மலைகளுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. உலகெங்கும் தீயணைப்புப் படை பிறந்தது அவ்வழியிலேதான். பழைய உரோமாபுரியில் கி.பி. 6-ஆம் ஆண்டில் அகஸ்டஸ் சக்கரவர்த்தி இராக்காவலும் தீக்காவலும் செய்ய ஒரு படையை நிறுவினான். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரில் 1736-இல் பெஞ்சமின் பிராங்க்ளின் தம் அண்டை வீட்டாரை ஒன்று சேர்த்துத் தீயணைப்புத் தொண்டர் சங்கம் அமைத்தார். சங்கத்தில் சேர்ந்தோர் தோல் வாளியும், பண்டங்களை எடுத்துச்செல்லப் பையும் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் ஆர்வம் மட்டும் போதாது, பயிற்சியும் வேண்டும் என்று உணர்த்தியவர் ஸ்காட்லாந்து நாட்டவரான ஜேம்ஸ் பிரெய்டுவுட் என்பவர். 1824-இல் எடின்பரோ நகரின் தீயணைப்புப் படைக்குத் தலைவராகி, தீயின் தன்மையையும் கட்டடத்தின் தன்மையையும் அறிந்து போரிடும் கலையை அவர் வகுத்தார். பின்னர் இலண்டன் நகரப் படையையும் நடத்தினார். 1861-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் இலண்டன் டூலி தெருவில் பண்டகசாலைகள் எரிந்தபோது, தம் ஆட்களுக்கு ஊக்கமளித்துக்கொண்டு நின்ற அவர்மீது ஒரு சுவர் சரிந்து விழுந்தது. தீயணைப்புக் கலைக்கே ஆசிரியராக விளங்கிய ஒருவர் சுவரின் அடியில் மாண்டார். இந்தச் சுவரை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; இக்கட்டுரையில் அது மீண்டும் வரும்.

நம் நாட்டுக்கு வருவோம். சென்னை நகரத் தீயணைப்புப் படை 1908-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. பாலக்காடு அடங்கிய மலபார் அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்தது. மூணாறும் பள்ளிவாசலும் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தன. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் இவ்விரு பகுதிகளும் கேரள மாநிலத்தில் ஒன்றாயின. 1962-இல் கேரளத் தீயணைப்புப் படைச் சட்டம் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் தீயணைப்புப் பணிக்கான சட்டம் 1985-இல் வந்தது. காலப்போக்கில் இரு மாநிலங்களிலும் இத்துறையின் பெயரோடு 'மீட்பு' என்னும் சொல்லும் சேர்ந்தது. தீயை அணைப்பதோடு அவர்கள் பணி முடிவதில்லை என்பதற்கு அப்பெயர் மாற்றமே சான்றாகும்.

இந்தியத் தீயணைப்பு வரலாற்றில் மறக்கவொண்ணாத நாள் ஒன்றுண்டு. 1944-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், பம்பாய் விக்டோரியா துறையில் 'போர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் நின்றிருந்தது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அக்கப்பலில் ஆயிரக்கணக்கான பஞ்சுப் பொதிகளும் ஏறக்குறைய 1,400 டன் வெடிபொருளும் ஒருங்கே இருந்தன. வெடிபொருள் ஏற்றிய கப்பல் செங்கொடி காட்டி எச்சரிக்க வேண்டும். அன்று அக்கொடி ஏற்றப்பட்டிருக்கவில்லை. நண்பகலுக்குப் பின் பஞ்சில் தீ தோன்றியது. தீயணைப்பு வீரர்கள் விரைந்து வந்து நீர் பாய்ச்சினர். கப்பலைத் துறையிலேயே மூழ்கடிப்பதா, கடலுக்குள் இழுத்துச் செல்வதா என்று அதிகாரிகள் முடிவு காணாமல் இருந்தபோதே பொன்னான நேரம் கழிந்தது. மாலை நான்கு மணி சென்ற சில நிமிடங்களில் கப்பல் வெடித்தது. குழாயைக் கையில் பிடித்தவாறு நின்ற வீரர்கள் 66 பேர் உயிர் நீத்தனர். ஆண்டுதோறும் ஏப்ரல் 14-ஆம் நாளை நாடு முழுவதும் தீயணைப்புப் பணி நாளாகக் கடைப்பிடிப்பது அவர்கள் நினைவாகவே ஆகும்.

இந்நிகழ்ச்சியை ஆராயுங்கால் ஓர் உண்மை புலப்படுகின்றது. அவ்வீரர்கள் அஞ்சாமையினால் மட்டும் இறந்தார்கள் எனின் அது பாதி உண்மையே. அறிந்திருக்க வேண்டியவர்கள் அறிவிக்கத் தவறினார்கள். முடிவு செய்ய வேண்டியவர்கள் தயங்கினார்கள். அதன் விலையை முன்னின்றவர்கள் தந்தார்கள். காப்போரின் உயிர், காக்கப்படுவோரின் கையிலும் இருக்கின்றது. நம் மலைநாட்டு நிகழ்ச்சிகளும் இதனையே மெய்ப்பிக்கின்றன.

மலையில் எழும் தீ சமவெளித் தீயைப் போன்றதன்று. வெப்பம் மேல்நோக்கி எழுவது. ஆகவே சரிவில் பற்றிய தீ தனக்கு மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடாக்கிவிடுகின்றது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது இத்துறையினர் கொள்ளும் கணக்கு. பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே வீசும். இரவில் மேலிருந்து கீழே இறங்கும். இடைப்பட்ட வேளையில் அதன் போக்கை எவரும் அறுதியிட்டுக் கூற இயலாது. தீயணைப்பு வண்டியில் ஏறக்குறைய 4,500 லிட்டர் நீர் இருக்கும். முழு வேகத்தில் பாய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அவ்வண்டியும் சாலை முடியும் இடத்தில் நின்றுவிடும். அதற்குமேல் செல்வோருக்குத் துணை பச்சைத் தழைக் கொத்தும் அரிவாளும் மண்வெட்டியுமே.

ஆதலால் தீ தோன்றும் முன்னரே செய்யும் பணி இங்குத் தலையாயது. தை பிறந்தது முதல் கோடை மழை இறங்கும்வரை காட்டில் தீயின் பருவம். அதற்கு முன்பே காட்டின் எல்லையிலும் ஊடேயும் புல்லைச் செதுக்கி அகற்றி, தீ தாண்ட இயலாத வெற்றிடமாகத் தீத்தடுப்புக் கோடுகள் அமைப்பர். ஆனைமுடியும் வரையாடும் உள்ள இரவிக்குளம் போன்ற இடங்களில் இப்பணியில் முதுவர் குடியினர் ஈடுபடுகின்றனர். எந்தச் சரிவில் எந்தக் காற்று எப்பொழுது திரும்பும் என்பதை அவர்கள் தம் முன்னோரிடம் கற்றவர்கள். வழியறிந்த அத்தகைய ஒருவர் துணையின்றி, வெளியூரிலிருந்து வரும் படை இம்மலையில் அடியெடுத்து வைப்பது அரிது.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மூணாற்றுக்குக் கிழக்கே, கேரள, தமிழ்நாட்டு எல்லையில் உள்ளது கொழுக்குமலை. அங்கிருந்து தேனி மாவட்டத்துக் குரங்கணியை நோக்கி, மலையேற்றத்துக்கு வந்த இரு குழுவினர் இறங்கிக்கொண்டிருந்தனர். சென்னையிலிருந்து வந்தோரும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து வந்தோரும் அவர்களில் இருந்தனர். உலர்ந்த புற்சரிவில் தீ அவர்களைச் சூழ்ந்தது. தப்ப ஓடியவர்களுக்குப் பாதை தெரியவில்லை. புகை கண்ணை மறைத்தது. சிலர் பள்ளங்களில் வீழ்ந்தனர்.

செய்தி கேட்டு முதலில் மலையேறியவர்கள் குரங்கணியைச் சுற்றியுள்ள ஊர் மக்கள். வனத்துறையினரும் தீயணைப்புத் துறையினரும் காவல் துறையினரும் தொடர்ந்து சென்றனர். வண்டி செல்லாத செங்குத்தான சரிவு; இருட்டு; இன்னும் அணையாத நெருப்பு. தீப்புண் பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் வைத்துத் தோளில் சுமந்து இறக்கினார்கள். மறுநாள் விடிந்த பின்னரே வானூர்தியின் உதவி முழுமையாகப் பயன்பட்டது. மருத்துவமனைகளில் இறந்தோரையும் சேர்த்து இருபத்துமூவர் உயிரிழந்தனர். அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வகுக்கப்பட்டன. விதி வந்தது நன்று. ஆனால் ஒரு மலைக்கு யார் சென்றிருக்கிறார்கள், எத்தனை பேர், எவ்வழியே என்பது அடிவாரத்தில் தெரிந்திராவிட்டால், காக்கச் செல்வோர் இருட்டில் தேடியே தம் உயிரையும் பணயம் வைக்க நேரும் என்பதை அந்த இரவு காட்டிற்று.

காட்டுத் தீயுடன் போரிடுவோரே அதற்கு இரையாவதும் உண்டு. 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் நாள், பாலக்காட்டு எல்லைக்கு அருகில், திருச்சூர் மாவட்டத்துக் கொட்டம்பத்தூரில் மரத்தோட்டக் காட்டில் தீ எழுந்தது. அதனை அணைக்கச் சென்ற வனக் காவலர் மூவரைத் தீ சூழ்ந்துகொண்டது; மூவரும் மாண்டனர். அவர்கள் பெரும்படையினர் அல்லர். மேலாடையன்றி வேறு கவசம் பெரிதும் இல்லாமலே இத்தகைய காவலர்கள் பலர் தீயின் முன் நிற்கின்றனர். நகரத்து வீரனுக்குக் கவசம் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்ளும் நாம், காட்டுத் தொழிலாளிக்கும் அது வேண்டும் என்பதை எளிதில் மறந்துவிடுகிறோம்.

அதே 2020-ஆம் ஆண்டின் ஆகஸ்டுத் திங்களில், நெருப்புக்கு மாறாக நீரும் மண்ணும் எழுந்தன. மூணாற்றுக்கு அப்பால், இராஜமலையைக் கடந்து, பெட்டிமுடி என்னும் தோட்டக் குடியிருப்பு இருந்தது. ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, கொட்டும் மழையில், மலையாளத்தில் 'உருள்பொட்டல்' எனப்படும் நிலச்சரிவு மேலிருந்து இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த லயங்களை மண்ணோடு மண்ணாக்கிற்று. எழுபது பேர் மாண்டனர். அவர்களில் சிலர் உடல் இறுதிவரை கிடைக்கவேயில்லை. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்றைப் பூர்வீகமாக உடையவர்கள் பலர்.

மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போயிருந்தமையால், இரவில் நிகழ்ந்த இக்கொடுமை மறுநாள் காலையிலேதான் வெளியுலகுக்கு எட்டியது. மூணாற்றிலிருந்து அங்குச் செல்லும் வழியில் பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலமும் வெள்ளத்தில் போயிருந்தது. எனவே எஞ்சியவர்களும் அக்கம்பக்கத்துத் தோட்டத் தொழிலாளரும் வனத்துறையினருமே முதலில் கையால் மண்ணைத் தோண்டினர். பின்னர்த் தீயணைப்பு மீட்புப் படையினர், தேசியப் பேரிடர் மீட்புப் படையினர், காவலர் யாவரும் வந்து சேர்ந்து, மழையிலும் சேற்றிலும் நாள்கணக்கில் தேடினர். மேலே இன்னும் தளர்ந்து நிற்கும் மலை. காலடியில் நிலைகொள்ளாத மண். அதற்குமேல் கொரோனாத் தொற்றின் அச்சம். ஆற்றோடு பல கிலோமீட்டர் தொலைவு இறங்கியும் உடல்களைத் தேடி எடுத்தனர். இப்பணியில் உயிரைக் காத்தல் என்பது முதல் சில மணி நேரத்தோடு முடிந்துவிட்டது. அதன்பின் அவர்கள் செய்தது, இறந்தோரை அவர்தம் சுற்றத்தாரிடம் ஒப்படைக்கும் கடமை. அதுவும் தொண்டே, ஒருவேளை எல்லாவற்றினும் கடினமான தொண்டு.

1924-இல் வழி அறுந்தது. 2020-இலும் வழி அறுந்தது. இடையே கழிந்தவை தொண்ணூற்றாறு ஆண்டுகள். முதலில் வந்த கை அப்பொழுதும் அயலார் கையே, இப்பொழுதும் அயலார் கையே. தீயணைப்புத் துறை வளரவில்லை என்பது இதன் பொருளன்று. வளர்ந்த துறையும் வந்து சேரப் பாலமும் சாலையும் செய்தியும் வேண்டும் என்பதே பொருள்.

மலையை விட்டு நகரத்துக்கு இறங்கினாலும், காப்போர்க்கு நேரும் இடர் வேறு வடிவில் காத்திருக்கின்றது. முன்னே நாம் குறித்த சுவரை இங்கு மீண்டும் காண்கிறோம். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள், தீபாவளித் திருநாளின் விடியற்காலையில், மதுரை நகரின் நெருக்கமான கடைத்தெருவில் பழைய கட்டடம் ஒன்றிலிருந்த துணிக்கடை எரிந்தது. தீயை அணைத்துக்கொண்டிருந்தபோது கட்டடம் இடிந்து விழுந்து, தீயணைப்பு வீரர் இருவர் உயிர் துறந்தனர். 2023-ஆம் ஆண்டு மே 23-ஆம் நாள், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் மருந்துக் கிடங்கு ஒன்று இரசாயனப் பொருளோடு எரிந்தபோது, சுவர் சரிந்து இளம் வீரர் ஒருவர் மாண்டார். 1861-இல் இலண்டனில் விழுந்த சுவரும், மதுரையிலும் தும்பாவிலும் விழுந்த சுவரும் ஒரே பாடத்தைச் சொல்லுகின்றன. அனலில் காய்ந்து, நீரில் நனைந்து, கூரையின் பிடிப்பையும் இழந்த சுவர் முன்னறிவிப்பின்றி விழும். இதனை வீரர்கள் நன்கு அறிவர். அறிந்தும் அருகில் செல்கின்றனர். ஏனெனில் உள்ளே யாரேனும் இருக்கக்கூடும்.

உடனே கொல்லாத இடரும் உண்டு. 2023 மார்ச்சுத் திங்களில் கொச்சிக்கு அருகில் பிரம்மபுரத்துக் குப்பை மேடு பற்றி, நாள்கணக்கில் புகைந்தது. பிளாஸ்டிக்கு எரியும் நச்சுப் புகையில் இரவும் பகலும் நின்று வீரர்கள் அதனை அணைத்தனர். அத்தகைய புகை நெஞ்சில் தங்கிப் பின்னாளில் நோயாக வெளிப்படக்கூடும். அப்பொழுது எந்தச் செய்தித்தாளும் அதனை எழுதுவதில்லை. சுவாசக் கருவியும் காப்புடையும் ஆண்டுதோறும் உடற்பரிசோதனையும் ஆடம்பரமல்ல. சிப்பாய்க்குத் துப்பாக்கி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதன.

இத்துணை இடர்களுக்கிடையே அவர்கள் ஆற்றும் அன்றாடத் தொண்டையும் நாம் கூறாமல் விடலாகாது. கிணற்றில் விழுந்தோரை எடுப்பது, ஆற்றில் மூழ்கினோரைத் தேடுவது, சாலையில் சாய்ந்த மரத்தை அறுத்து அகற்றுவது, உருண்ட வண்டியை வெட்டி உள்ளிருப்போரை மீட்பது ஆகிய யாவும் அவர்கள் பணி. 2020-இல் ஊரடங்கின்போது, மருந்து வாங்க வழியின்றித் தவித்த நோயாளிகளுக்குக் கேரளத் தீயணைப்புத் துறையினர் தம் வண்டிகளில் மருந்து கொண்டு சேர்த்தனர். நெருப்புக்காக வாங்கிய வண்டி நோயாளியின் வாசலுக்கும் சென்றது.

மக்களும் துறையும் கைகோக்கும் ஏற்பாடு ஒன்றும் அண்மையில் உருவாயிற்று. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுப் பெருவெள்ளம் கேரளத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரியில் ஏற்றிவந்து ஆயிரக்கணக்கானோரை மீட்ட காட்சியை நாடே கண்டது. அதன் பயனாக, தீயணைப்பு நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஐம்பது தொண்டர் வீதம், 124 நிலையங்களுக்கு 6,200 பேரைப் பயிற்றுவிக்கும் சிவில் பாதுகாப்புத் திட்டம் கேரளத்தில் வகுக்கப்பட்டது. பிலடெல்பியாவில் பிராங்க்ளின் கூட்டிய அண்டை வீட்டார் சங்கமும், மூணாற்று லயத்தில் குடம் ஏந்திய பெண்களின் வரிசையும் இத்திட்டத்தில் ஒன்று சேர்ந்தன என்று நாம் கருதலாம். பழைய நற்பழக்கத்துக்குப் புதிய பயிற்சி கிடைத்தது.

இனி நம் கடமை யாது? மூன்றைச் சொல்லி இவ்வுரையை முடிப்போம்.

முதலாவது, உண்மை கூறுதல். தீயென்று அழைக்கும்போது இடத்தையும் வழியையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். உள்ளே எரிவாயு உருளை இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா, இரசாயனப் பொருள் இருக்கிறதா என்பதை மறைக்காமல் அறிவிக்க வேண்டும். பம்பாயில் ஏற்றப்படாத செங்கொடி நமக்கு என்றும் பாடமாகட்டும். 101 என்னும் எண் குழந்தைகளுக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். விளையாட்டாக அவ்வெண்ணை அழைப்பது, வேறொரு வீட்டில் எரியும் நெருப்பை வளர்ப்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, வழி விடுதல். கடைத்தெருவில் வண்டி நுழையுமளவு இடமும், தோட்டக் குடியிருப்புகளுக்கு மழையிலும் நிற்கும் பாலமும், மின்சாரம் போனாலும் பேசும் தொலைத்தொடர்பும் வேண்டும். இவை வசதிகள் அல்ல. மீட்புப் பணியின் முதற்கருவிகள். தோட்டத் தொழிலாளரை நாள்தோறும் வேலைக்கு அழைக்கும் ஆலைச் சங்கு, ஆபத்து நேரத்தில் ஊரைக் கூட்டவும் பயன்படலாம். அதற்கு வேண்டுவது ஊராரும் தோட்டத்தாரும் முன்கூட்டிப் பேசி வைக்கும் ஓர் அடையாள ஒலியே.

மூன்றாவது, காப்போர்க்குக் கவசம் அளித்தல். சீருடை அணிந்த வீரர்க்கு மட்டுமன்று. கோடைக்கு மட்டும் கூலிக்கு அமர்த்தப்படும் தீக்காவலர்க்கும், அழைப்பின்றியே ஓடிவரும் தொண்டர்க்கும் கையுறையும் காலணியும் முகக்கவசமும் பயிற்சியும் காப்பீடும் வேண்டும். அவர்கள் மாண்டபின் மாலை சூட்டுவதைக் காட்டிலும், அவர்கள் மாளாதிருக்க ஒரு தலைக்கவசம் வாங்கித் தருவது நன்றியுடைமைக்குச் சிறந்த அடையாளம்.

பள்ளிவாசல் மலையில் இன்றிரவும் விளக்குகள் எரியும். கீழே மின்நிலையத்தின் பொறிகள் சுழலும். மேலே லயங்களில் அடுப்பு புகையும். கோடை வந்தால் காட்டோரத்தில் ஒரு காவலர் காற்றின் திசையை நோக்கிக்கொண்டிருப்பார். மழை வந்தால் நிலையத்தில் ஒரு வீரர் தொலைபேசியின் அருகில் விழித்திருப்பார். அவர்கள் பெயரை நாம் அறியோம். ஆனால் அவர்கள் பத்திரமாக வீடு திரும்புவது நம் எச்சரிக்கையினாலும் நம் உண்மையினாலும் கூடுவது என்பதை அறிந்துகொள்வோமாக. அவர்கள் நமக்குச் செய்யும் தொண்டுக்கு நாம் செய்யத்தக்க கைம்மாறு அதுவே ஆகும்.